தேன் சாடியில் இரண்டு அரசர்கள்

எகிப்தில், அபிடோஸ் மணலில் கிடைத்த களிமண் அடைப்பைத் தூரிகையால் துடைத்ததும் ஸஃபினாஸுக்குச் சிரிப்புத்தான் வந்தது. ஏதோ சாடியின் வாயை மூடிய மண். ஈரம் காயுமுன் இரண்டு முத்திரைகளை அருகருகே குத்தியிருந்தார்கள். ஒன்றில் அரசன் நெப்ஹோர், மற்றதில் அரசன் செகெம்தா.

நெப்ஹோரின் வம்சம் அற்றுப்போன பிறகே செகெம்தாவின் வம்சம் தலையெடுத்தது என்று புத்தகம் எழுதிப் பேர் வாங்கியவள் அவள். இரண்டும் ஒரே காலத்தில், வடக்கில் ஒன்றும் தெற்கில் ஒன்றுமாக ஆண்டன என்று மல்லுக்கு நின்றவன் வஜ்தி. இருவரும் மேடைக்கு மேடை முட்டிக்கொள்வார்கள்.

"டாக்டர், உங்க புத்தகம் போச்சே!" உதவியாளர் மிர்வத் நெஞ்சில் கை வைத்தாள்.

"போனா போகட்டும். நம்ம தோண்டின குழியிலதானே போச்சு? புதுசா எழுதிக்கலாம்."

நின்ற இடத்திலிருந்தே வஜ்திக்குப் போன் போட்டாள். "உன் ராஜா ரெண்டு பேரும் ஜோடியா வந்து நிக்கறாங்க. வந்து பாரு."

மறுநாளே கெய்ரோவிலிருந்து ரயிலேறி வந்துவிட்டான். துள்ளிக் குதிப்பான் என்று அவள் எதிர்பார்த்தாள். அவனோ லென்ஸை வைத்துப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினான்.

"செத்துப்போன பழைய ராஜாவோட முத்திரைய மரியாதைக்காகக் குத்தியிருந்தா? ஒத்த மண்ணாங்கட்டிய நம்பி மேடையேறினா என்னைக் கிழிச்சுத் தொங்க விட்டுடுவாங்க."

"அடப்பாவி! இத்தனை வருஷம் என் உயிர வாங்கிட்டு, இப்ப என் கட்சிக்குத் தாவறியா?"

"தாவல தாயே. ஆதாரம் பத்தாதுங்கறேன்."

அதில் நியாயம் இருந்தது. அதுதான் அவளுக்கு எரிச்சல். இருவருமே குழிக்குள் இறங்கினார்கள். கூரை சரிந்து மூடிய கிடங்கு அது. அதன் பிறகு யாரும் நுழைந்த தடயமில்லை. இடிபாட்டை அள்ளி முடித்தபோது சுவரோரம் ஒரு தேன் சாடி முழுதாக நின்றது. வயிற்றில் கறுப்பு மையெழுத்து. வஜ்தி குனிந்து உரக்கப் படித்தான்: "நெப்ஹோரின் ஒன்பதாம் ஆண்டு, செகெம்தாவின் மூன்றாம் ஆண்டு."

லென்ஸை வைத்து இன்னொரு முறை பார்த்தான். "ஒரே வருஷத்த ரெண்டு ராஜா கணக்கிலயும் குறிச்சிருக்கான். இப்ப மேடையேறலாம்," என்றான்.

"நான்தான் முதல்ல பேசுவேன்," என்றாள் ஸஃபினாஸ்.

பேசினாள். கெய்ரோ அரங்கில், "என் கணக்கு தப்பு. இதோ சாடி," என்று தொடங்கினாள். பின்வரிசையிலிருந்து ஒருவர் எழுந்து கேட்டார்: "அப்ப அவங்களுக்கு அப்புறம் வந்த வம்சமெல்லாம்?"

"எல்லாரோட வருஷக் கணக்கையும் நகர்த்தணும். வேலை நிறைய கிடக்கு, வாங்க."