மூன்றாவது பதிவு

பதினாறாம் நாள் காரியம் முடிந்து உறவுக்காரர்கள் சிலமலையிலிருந்து பஸ் ஏறிப் போன மத்தியானம், அய்யம்மாள் முக்காலியை இழுத்துப் போட்டுக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள். செத்துப்போன மகன் வண்டி ஓட்டியது இதற்குள் இருக்கிறதென்று யாரோ சொல்லியிருந்தார்கள். நிஜ வண்டி இல்லை, விளையாட்டு என்று மகள் சுகன்யா விளக்கினாள். பரவாயில்லை, போடு என்றாள் அம்மா.

சுகன்யா போடியில் சாயங்கால வகுப்பில் வீடியோ எடிட்டிங் படிக்கிறாள். விளையாட்டைப் பதிவு செய்யும்போதே படத்தைச் சுருக்கிச் சேமிக்கும் வேலையை எதனிடம் விடுவது நல்லது என்று ஒப்பிட்டு எழுதி வரச் சொல்லியிருந்தார்கள். பிராசசரிடமா, கிராபிக்ஸ் கார்டிடமா, பிராசசருக்குள்ளேயே அதற்கென்று இருக்கும் தனிப் பகுதியிடமா? லாரி ஓட்டும் விளையாட்டு ஒன்றை எடுத்துக்கொண்டாள். ஓட்டுவதற்கு அண்ணன் யோகராஜ். ஏலத் தோட்டங்களுக்கு ஜீப்பில் உரம் ஏற்றிப் போகிறவன். ஒவ்வொரு முறையும் அதே வளைவு, அதே மழை, அதே வெளிச்சம். இல்லாவிட்டால் ஒப்பீடு செல்லாமல் போய்விடும் என்று அவளுக்குப் பயம். ஒவ்வொன்றுக்கும் மூன்று தடவை என்று கணக்கு. படத்தைத்தானே பார்க்கப் போகிறோம் என்று மைக்கையும் அணைத்திருந்தாள். "மலையிலதான் நாள் பூரா வளைவு, வீட்டுக்கு வந்தும் வளைவா? தனியா ஒரு கூலி குடு ஆத்தா" என்று அவன் சிரித்தது எதிலும் இல்லை.

நோட்டில் எழுதியிருந்தாள்: பிராசசர், படம் தெளிவு, ஆனால் விளையாட்டு விட்டு விட்டு ஓடுகிறது. கார்டு, தடங்கல் இல்லை. மழையில் இலைகள் கொஞ்சம் குழைந்து தெரிகின்றன, என் கண்ணின் கோளாறாகவும் இருக்கலாம். மூன்றாவது, பாக்கி.

அந்த மூன்றாவதுக்காகத்தான் விபத்து நடந்த அன்றைக்கு நாலு மணிக்கு அவனுக்குப் போன் செய்தாள். ஆறரை மணி வகுப்பில் கொடுத்தாக வேண்டும். வெரசா வாண்ணே என்றாள். இந்தா எறங்கிட்டேன் என்றான். லோடு இறக்கிவிட்டு வந்த வெறும் ஜீப்பு, ஒரு வளைவில் தடுப்புச் சுவரை உடைத்துக்கொண்டு பள்ளத்தில் விழுந்தது. வண்டியை விரட்டியிருக்கிறான் என்று ஊரெல்லாம் ஒரே பேச்சு. போன் செய்ததைச் சுகன்யா யாரிடமும் சொல்லவில்லை. நோட்டில்கூட எழுதவில்லை.

அம்மா ஆறு பதிவுகளையும் வரிசையாகப் பார்த்தாள். அவன் பேசுவது இல்லையா என்று ஒருமுறை கேட்டாள். அணைத்து வைத்திருந்ததைச் சொன்னதும் தலையாட்டிக்கொண்டாள். ஆறிலும் வளைவு வருவதற்கு வெகு முன்பே வேகம் குறைந்தது. எதிரே யாருமே வராத சாலையில் விளக்கு இரண்டு தரம் சிமிட்டியது. ஓரத்தை ஒட்டி, மெல்ல, வண்டி திரும்பியது.

"எம்புட்டு நெதானமாப் போறான் பாரு. வெளையாட்டுலகூட வெரட்டல எம்புள்ள."

சுகன்யா மவுசிலிருந்து கையை எடுக்கவில்லை.

"அன்னைக்கு மட்டும் அப்படி என்னடி அவசரம் அவனுக்கு?"

அம்மா திரும்பி அவள் முகத்தைப் பார்த்தாள். சுகன்யா வாயைத் திறந்தாள். ஆறாவது பதிவு முடிந்து கடைசிப் படம் திரையில் அப்படியே நின்றிருந்தது: வளைவுக்கு அப்பால் ஆளில்லாத சாலை, நனைந்த கண்ணாடியின் மேல் பாதி வழியில் நின்றுபோன வைப்பர்.