இடது ஓரத்தில் நின்ற குரல்

1

இந்தக் கதை கேலியாகத்தான் தொடங்கியது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

எங்கள் ஊர் ஸ்வெண்ட்போர்கில் ஒருவர் வீட்டுக்குக் காபிக்குப் போயிருந்தேன். அவர் கூடத்தில் ஸ்பீக்கர் வயர் தரையில் படாமல் ஓடியது. வழி நெடுகச் சின்னச் சின்னப் பீங்கான் முட்டுகள் அதைத் தாங்கிக்கொண்டிருந்தன, பல்லக்கு தூக்குகிறவர்களைப் போல. வயர் தரையில் கிடந்தால் இசை கலங்கிவிடும் என்றார் வீட்டுக்காரர். சிரிக்காமல் சொன்னார். நானும் சிரிக்காமல் கேட்டுக்கொண்டேன். வீட்டுக்கு வந்ததும் எழுத உட்கார்ந்தேன்.

முதல் தொடக்கம் இது: "ஓய்வூதியமும் நல்ல காதும் ஒருசேர வாய்த்தவனைவிட ஏமாறத் தகுந்தவன் இந்த உலகத்தில்..."

அங்கேயே நிறுத்திவிட்டேன். ஏமாறத் தகுந்தவர் என்று யாரும் இல்லை. அப்படி எழுதிவிட்டு ஞாயிற்றுக்கிழமை எந்த முகத்தோடு தேவாலயத்துக்குப் போவது?

இரண்டாம் தொடக்கம்: "நவம்பர் மழை ஜன்னலில்..." இந்த ஊரில் நவம்பரில் மழை என்று எழுதுவது, கடலில் தண்ணீர் இருந்தது என்று எழுதுவதற்குச் சமம். அடித்துவிட்டேன்.

மூன்றாவதுதான் நின்றது: "ஐனார் தன் மனைவியின் குரலைத் தேடிக் கடையிலிருந்து கேபிள்களை இரவல் வாங்கி வந்தார்."

2

மனைவி இறந்துபோனதாக நினைத்திருப்பீர்கள். இல்லை. தோரா நலமாக இருக்கிறார். ஐனார் கேபிள் பெட்டியைத் திறந்துகொண்டிருக்கும் இந்த நேரத்தில் அடுக்களையில் ஏலக்காய் பன் சுட்டுக்கொண்டிருக்கிறார்.

ஐனார் தேடுவது இசைத்தட்டில் இருக்கும் தோராவை. இளவயதில் இருவரும் தேவாலயப் பாடகர் குழுவில் இருந்தார்கள். குழு ஒரே ஓர் இசைத்தட்டு வெளியிட்டது. பிறகு அது சி.டி. ஆனது. அதில் ஒரு மாலைத் துதிப்பாடலில் நான்கு வரி தோரா தனியாகப் பாடுகிறார். அன்று அவர் இடது ஓரத்தில், தூணருகே நின்றிருந்தார். பதிவில் அந்த இடத்திலிருந்தேதான் குரல் வரும்.

ஒரு வருடமாக அது சரியாக வரவில்லை. இருக்கிறது, ஆனால் போர்வைக்குள் இருக்கிறது. ஐனார் முதலில் ஆம்ப்ளிஃபையரை மாற்றினார். பிறகு ஸ்பீக்கரை. மிச்சம் கேபிள்தான். நல்ல கடைகளில் வாரக்கடைசிக்குக் கேபிளை வீட்டுக்கே கொடுத்தனுப்புவார்கள். பெண் பார்ப்பது போல, கேட்டுப் பார்த்துவிட்டு முடிவு சொல்லலாம்.

(வாசகருக்கு: அந்தக் கேபிள்களில் மலிவானதுகூட நல்ல சைக்கிள் ஒன்றின் விலை. இதற்கு மேல் விலையைப் பற்றிப் பேசமாட்டேன். பேசினால் கேலி திரும்ப வந்துவிடும்.)

3

கேபிளை மாற்றிக் கொடுக்க ஒரு நண்பர் தேவைப்பட்டார். மோன்ஸ் என்று பெயர் வைத்தேன். முதலில் அவரைக் காது மருத்துவர் ஆக்கியிருந்தேன். இரண்டு பக்கம் எழுதிய பிறகு, ஆசிரியர் தன் வசதிக்காக வரவழைத்த ஆள் என்பது அப்பட்டமாகத் தெரிந்தது. இப்போது மோன்ஸ் ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர். அதே குழுவில் வலது ஓரத்தில் நின்று கீழ்க்குரல் பாடியவர். ஞாயிறுதோறும் தேவாலயத்தில் பாட்டுப் புத்தகங்களை எடுத்துக் கொடுக்கிறவர். இனிக் கதை அவர் தோளோடு ஒட்டியே போகும்.

"ஷூவக் கழட்டிட்டு மெதுவா வா மோன்ஸ்," என்றார் தோரா கதவைத் திறந்து. "கேபிள் தூங்குது."

"தூங்கல. பதமாகிட்டிருக்கு," என்று கூடத்திலிருந்து ஐனார் குரல் கொடுத்தார். புதுக் கேபிளில் சில நாட்கள் இசை ஓடினால்தான் அது பழகும் என்பது இவர்கள் நம்பிக்கை. வெள்ளிக்கிழமையிலிருந்து ஓடிக்கொண்டிருந்தது.

நடையில் ஒரு சூட்கேஸ் நின்றது.

"யாருக்குப் பயணம்?"

"எனக்குத்தான். நாளைக்கு ஆல்போர்க், அக்கா வீட்டுக்கு."

"எப்ப திரும்பி வர்ற?"

"போறதுக்கு மட்டும்தான் டிக்கெட் எடுத்திருக்கேன்." தோரா குரலைத் தாழ்த்தவில்லை. "ஒரு வருஷமா இந்த வீட்ல நான் சுவத்துகிட்ட பேசிட்டிருக்கேன் மோன்ஸ். சாப்பாட்டு மேசையில பக்கத்துலயே உக்காந்து பேசறேன். பதில் கிடையாது. அக்கா வீட்ல நாயாவது திரும்பிப் பாக்கும்."

"இவன்கிட்ட சொல்லிட்டியா?"

"புதன்கிழமை சாப்பிடும்போது சொன்னேன். 'நல்லது'ன்னான். அதோட சரி."

மோன்ஸ் ஷூவைக் கழற்றினார், ஆவி படிந்த மூக்குக்கண்ணாடியை அடுக்களை மேசையில் வைத்தார். கூடத்துக்குப் போனார்.

4

ஐனாரின் நாற்காலி எங்கே இருக்கவேண்டும் என்று கம்பளத்தில் நாடா ஒட்டிக் குறித்திருந்தது. அங்கே உட்கார்ந்து கண்களை மூடிக்கொண்டார். மோன்ஸ் அலமாரிக்குப் பின்னால் முழங்காலிட்டார்.

முதல் கேபிள்.

"ஆர்கன் இருக்கு. ஆம்பிளைங்க இருக்காங்க. அவ இல்ல."

இரண்டாவது. வெள்ளிக் கம்பியில் செய்தது.

"தேவாலயத்தோட ஈரம்கூடக் கேக்குது. அவ இல்ல."

"ஈரம் எப்படிடா கேக்கும் கிழவா?"

"நீ மாத்து, பேசாத. பஸ் ஓட்டினவனுக்கு இதெல்லாம் புரியாது."

"பஸ்ல மணி அடிச்சா நிறுத்துவேன். அந்தளவு காது எனக்குப் போதும்."

மூன்றாவது கேபிள் கறுப்பு. முனைகளும் கறுப்பு. இடதுக்கும் வலதுக்கும் வித்தியாசம், நூல் கனத்துக்கு ஒரு வளையம். மோன்ஸின் மூக்குக்கண்ணாடி அடுக்களை மேசையில் இருந்தது. தடவித் தடவிச் செருகினார்.

"தொடாத!" ஐனார் கத்தினார். "அப்படியே இருக்கட்டும். வந்துட்டா. மோன்ஸ், வந்துட்டாடா."

மோன்ஸ் சுற்றி வந்து நாற்காலிக்குப் பின்னால் நின்று கேட்டார். ஏதோ இடறியது. தன் கீழ்க்குரல் இடது ஸ்பீக்கரில் பாடிக்கொண்டிருந்தது. தோரா வலதில்.

கண்ணாடியை எடுத்துவந்து பார்த்தார். முனைகளை இடம் வலம் மாற்றிச் செருகியிருந்தார்.

அந்தக் கேபிளைக் கழற்றிவிட்டு, ஆம்ப்ளிஃபையர் அட்டைப்பெட்டியில் சும்மா கிடைத்த பழைய மெல்லிய வயரை எடுத்தார். அதையும் அதேபோல் மாற்றிச் செருகினார்.

"இதேதான்! கையை எடுன்னா எடு. இந்தக் கேபிள்தான்," என்றார் ஐனார். கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

5

இங்கே எனக்குப் பேனா ஓடவில்லை.

மோன்ஸுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. கேபிளில் குறை இல்லை. ஐனாரின் இடது காது போய்க்கொண்டிருக்கிறது. தேவாலயத்தில் கொஞ்ச நாளாக ஐனார், வலது காது சபைப் பக்கம் இருக்கும்படி, இடது சுவரோரம் நகர்ந்து உட்காருவதை, பாட்டுப் புத்தகம் நீட்டும்போது மோன்ஸ் பார்த்திருக்கிறார். கதவுக் காற்று ஒத்துக்கொள்ளவில்லை போலும் என்று நினைத்திருந்தார். சாப்பாட்டு மேசையில் தோராவின் நாற்காலி எந்தப் பக்கம் என்பதும் இப்போது நினைவுக்கு வந்தது.

முடிவு ஒன்று: மோன்ஸ் எழுந்து, "உன் காதுடா, கேபிள் இல்ல," என்று சொல்கிறார். உண்மை. ஆனால் குரல் திரும்பக் கிடைத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டிருப்பவரிடம் அந்த நிமிடமே...

முடிவு இரண்டு: ஒன்றும் சொல்லாமல் வீட்டுக்குப் போகிறார். ஐனார் கேபிளை வாங்குகிறார். தோரா ரயில் ஏறுகிறார். இது பொய்யை விட மோசம்.

(எது சரியென்று தெரியாமல் இரண்டு நாள் எழுதாமல் இருந்தேன். ஜெபித்தேன் என்றும் சொல்லலாம். கிடைத்த பதில் பெரிதாக ஒன்றுமில்லை. காபி நேரம் ஆகிவிட்டது, அவர்களை மேசைக்குக் கூப்பிடு என்பதுதான்.)

6

தோரா பன் தட்டை வைத்தார். மோன்ஸ் நேராகப் போய் ஐனாருக்கு இடப்பக்கம், தோராவின் நாற்காலியில், உட்கார்ந்துவிட்டார்.

"அது என் இடம்."

"முதுகு பிடிச்சிருக்கு. இங்கதான் ஹீட்டர் சூடு வருது. நீ அந்தப் பக்கம் உக்காரு."

(முதுகு உண்மையிலேயே பிடித்திருந்தது. என் பாத்திரத்தைப் பொய் சொல்ல வைக்கக்கூடாது என்பதற்காகத்தான் அவரை அவ்வளவு நேரம் முழங்காலில் வைத்தேன்.)

தோரா முணுமுணுத்துக்கொண்டே ஐனாரின் வலப்பக்கம் உட்கார்ந்தார். ஐனார் பன்னில் வெண்ணெய் தடவிக் கடித்தார். பிறகு தோரா, வழக்கம்போல யாருக்கும் இல்லாத குரலில், காபியைப் பார்த்துச் சொன்னார்:

"பன்னுக்கு வெச்ச வெண்ணெய மீசைக்குத் தடவிக்கிறான் கிழவன்."

"இருக்கட்டும். சாயங்காலம் பசிச்சா ஆகும்," என்றார் ஐனார்.

தோராவின் கோப்பை பாதியில் நின்றது.

"நான் என்ன சொன்னேன்?"

"மீசைல வெண்ணெய்ன்னே. அதுக்கு ஏன் இப்படி முறைக்கிற?"

தோரா மோன்ஸைப் பார்த்தார். மோன்ஸ் தன் பன்னையே பார்த்துக்கொண்டிருந்தார். தோரா குரலை இன்னும் தாழ்த்தினார். பாடகர் குழுவில் கடைசி வரிக்குத் தாழ்த்துவாரே, அந்த அளவு.

"நாளைக்கு நான் ஆல்போர்க் போறேன்."

ஐனார் பன்னைக் கீழே வைத்தார்.

"நாளைக்கா? எதுக்கு? எங்கிட்ட யாரும் சொல்லவே இல்லையே."

7

கதையை இங்கே விட்டுவிடுகிறேன்.

முடிக்கத் தெரியாமல் அல்ல. சூட்கேஸ் நடையில் நிற்கிறது. கேபிள் பெட்டியும் அதன் பக்கத்தில்தான் இருக்கிறது, திங்கட்கிழமை கடைக்குத் திரும்பவேண்டும். தோரா இன்னும் ஐனாருக்குப் பதில் சொல்லவில்லை. மோன்ஸ் காது மருத்துவரைப் பற்றிப் பேசியாகவேண்டும், இன்றைக்கே. பேசுவார் என்று நம்புகிறேன். ஆனால் அந்த மேசையில் இப்போது இருப்பது மூன்று கோப்பைகள்தான். நாலாவதாக நான் நாற்காலி போட்டு உட்கார்ந்து, யார் என்ன சொல்லவேண்டும் என்று எடுத்துக்கொடுப்பது மரியாதை அல்ல. நீங்கள் வேண்டுமானால் உட்காருங்கள். மிச்சத்தை நீங்களே பேசி முடியுங்கள்.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். இதை வீட்டில் யாருக்காவது வாசித்துக் காட்டுவதாக இருந்தால், அவர் பதில் சொல்லவில்லை என்று கோபித்துக்கொள்வதற்கு முன், ஒருமுறை எழுந்து அவருடைய மறுபக்கம் போய் உட்கார்ந்து பாருங்கள்.