பதினைந்தாம் நம்பர் துண்டு

ஆதரவற்ற பிள்ளைகள் விடுதியில் அவளுக்குக் கொடுத்த நம்பர் பதினான்கு. தட்டு, டம்ளர், துண்டு, தலையணை உறை, எல்லாவற்றிலும் அதுதான். போகப் போக அதுவே பெயராகிவிட்டது. "ஏய் பதினாலு, உன் துண்டு கீழ கெடக்கு!" என்று யாராவது கத்தினால்கூட அவளுக்குக் கொஞ்சுவது போலிருக்கும். பதினெட்டு வயது முடிந்து வெளியே வந்தபோது அந்த நம்பரைக் கையோடு கொண்டுவந்துவிட்டாள்.

வேலை, விடுதியே பிடித்துக் கொடுத்தது. ஒரு சலவைக்கூடத்தில் ஆஸ்பத்திரி விரிப்புகளுக்கு இஸ்திரி போட வேண்டும். தங்குவதற்கு ஒரு மாடியில் ஒற்றை அறை. இரண்டு கட்டில் கொள்ளுமா என்று பார்த்துத்தான் அதை எடுத்தாள். ஒன்று தங்கச்சிக்கு.

அம்மா இருவரையும் விடுதியில் விட்டுவிட்டுப் போனபோது தங்கச்சி கைக்குழந்தை. அவளை ஒரு குடும்பம் வளர்க்க எடுத்துக்கொண்டது. பெரியவளை யாரும் கேட்கவில்லை. "உனக்கு வேலையும் வீடும் ஆகட்டும், அப்புறம் அவளை உன்கூட அனுப்பறதைப் பேசலாம்" என்று விடுதி மேடம் அன்று ஒரு பேச்சுக்குச் சொன்னார். இவள் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். மாதம் ஒருமுறை, ஆபீஸ் அறையில், அரை மணி நேரம் தங்கச்சியைப் பார்க்க விடுவார்கள். அதை வைத்தே இத்தனை வருஷத்தை ஓட்டிவிட்டாள்.

இன்று மேடம் வீட்டைப் பார்க்க வருகிறார், தங்கச்சியையும் கூட்டிக்கொண்டு.

புதிதாகத் தட்டு, டம்ளர், துண்டு வாங்கி வைத்திருந்தாள். எல்லாவற்றிலும் சலவைக்கூடத்து மையால் பதினைந்து என்று எழுதியிருந்தாள். எத்தனை முறை வெளுத்தாலும் போகாத மை. விடுதிக்கு வரும் பிள்ளைக்கு முதல் நாளே நம்பர் கிடைக்கும். கிடைத்துவிட்டால் இனி யாரும் துரத்த மாட்டார்கள் என்று அர்த்தம்.

மேடம் குழாயைத் திறந்து பார்த்தார். ஜன்னல் கொக்கியை ஆட்டிப் பார்த்தார்.

"பரவாயில்லையே, என் வீட்டைவிடச் சுத்தமா இருக்கு. என் புருஷனை ஒரு வாரம் இங்க ட்ரெயினிங் அனுப்பணும்."

"அனுப்புங்க மேடம். பதினாறு போட்டு வச்சுடறேன்."

இருவரும் சிரித்தார்கள். தங்கச்சி வாசலிலேயே நின்றாள்.

"உள்ள வா குட்டி."

வந்து சுவரோரம் நின்றாள். "உக்காரலாமாக்கா?"

பதினாலு அவளுக்குப் புது டம்ளரில் தண்ணீர் கொடுத்தாள். சின்னவள் அதைத் திருப்பிப் பார்த்தாள்.

"இது என்ன நம்பர்?"

"உன் நம்பர். துண்டுலகூட இருக்கு பாரு."

"எங்க வீட்ல நம்பரெல்லாம் இல்லக்கா. அம்மா கப்புலதான் நான் குடிப்பேன். அம்மா திட்டுவாங்க." திட்டு வாங்கியது நினைவுக்கு வந்து சிரித்தாள். பிறகு உதடு கோணியது. "இதைக் குடிக்கலாமா?"

விடுதிக்கு வந்த முதல் நாள் எல்லோரும் இப்படித்தான். சுவரோரம் நிற்பார்கள். உட்காரக் கேட்பார்கள். தண்ணீர் குடிக்கக் கேட்பார்கள். பதினாலும் அப்படி நின்றவள்தான். அவளைக் கொண்டுவந்து நிறுத்தியது அம்மா. தங்கச்சியை இங்கே கொண்டுவந்து நிறுத்தியது யார்?

"என் பக்கம் எல்லாம் சரி" என்றார் மேடம். "வளர்க்கறவங்களும் தடுக்கல. கூடப்பிறந்தவ நீ. இனி நீ சொல்றதுதான்."

தங்கச்சி மேடத்தின் பை வாரைப் பிடித்துக்கொண்டு கிசுகிசுத்தாள். "நாம எப்ப வீட்டுக்குப் போவோம்?"

அது அவ்வளவு சின்ன அறை. கேட்காமல் இருக்க வழியில்லை.

"அவ அங்கயே இருக்கட்டும் மேடம்."

"பதினாலு! இதுக்காகத்தானேடி இவ்வளவு..."

"ஒரே ரூம்ல ரெண்டு பேர்னா நெருக்கடி மேடம். எனக்குக் காத்து வேணும்."

மேடம் இரண்டு கட்டிலையும் பார்த்தார்.

சின்னவள் தண்ணீரை ஒரே மடக்கில் குடித்துவிட்டு டம்ளரை நீட்டினாள். "அடுத்த மாசம் ஆபீசுக்கு வருவேல்லக்கா?"

"வராம எங்க போகப் போறேன்?"

படிகளில் அவள் குதித்து இறங்கும் சத்தம் கேட்டது. தெருவில் மேடத்திடம் என்னவோ சொல்லிச் சிரித்தாள்.

சலவைக்கூடத்துக்கு அன்று லீவு போட்டிருந்தாள் பதினாலு. வேறு வேலை இல்லை. புதுத் துண்டை வாளியில் நனைத்து, சோப்புப் போட்டு, நம்பரைத் தேய்க்க ஆரம்பித்தாள். போகாது என்று அவளுக்குத் தெரியும். போகக் கூடாது என்றுதான் அந்த மையால் எழுதினாள். ஆனாலும் தேய்த்தாள்.