ஆறு நிமிடம் எடுத்த குடும்பம்

1

இந்தக் கதை ஓர் அவமானத்திலிருந்து பிறந்தது. அதை முதல் வரியிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் யாரும் கண்டுபிடித்ததாகப் பெருமைப்பட வேண்டாம். 1992ஆம் ஆண்டு, பிரிக்பீல்ட்ஸில் ஒரு கடைவீட்டு மாடியில் எங்கள் நகரத்தார் சங்கம் இருந்தது. மற்ற குடும்பங்களை நான்கு விநாடியில் காட்டிய அங்குள்ள கணினி, ஒரு புதன்கிழமை என் குடும்பத்தைக் காட்ட ஆறு நிமிடம் எடுத்துக்கொண்டது. எதிரே உட்கார்ந்திருந்தவர் என் மகள் நாச்சாளைத் தம் மகனுக்குக் கேட்டு வந்த குமரப்பன்.

வேறு விதமாகவும் தொடங்கிப் பார்த்தேன். "கிள்ளான் சாலையில் மழை பிடித்துக்கொண்ட ஒரு காலையில்—" அன்று மழை பெய்யவில்லை. அடித்துவிட்டேன். அடுத்தது, "நாங்கள் உடன்பிறந்தவர்கள் மூன்று—" அதையும் அடித்தேன்.

2

என் பெயர் சாத்தப்பன். பதினெட்டு ஆண்டுகளாகச் சங்கச் செயலாளர். பெண் கொடுப்பவர்களும் எடுப்பவர்களும் என்னிடம் குடும்பத் தாள் வாங்குவார்கள். எந்தக் கோயிலைச் சேர்ந்தவர்கள், யாருக்கு யார் என்ன உறவு என்பதெல்லாம் அதில் இருக்கும். ஒரே கோயில், ஒரே பிரிவு என்றால் பங்காளிகள், திருமணம் கூடாது. நான் முத்திரை குத்திய தாளை யாரும் சந்தேகித்தது கிடையாது.

பதிவேடுகளைக் கணினியில் ஏற்றியவள் என் மருமகள் அலமேலு. ஷா ஆலத்தில் ஒரு தொழிற்சாலையின் கணினிப் பிரிவில் வேலை பார்த்தாள். ஒரு குடும்பத்தைக் கேட்டால், அதிலுள்ள ஒவ்வொருவரையும் மற்ற ஒவ்வொருவரோடும் பொருத்திப் பார்த்து உறவைச் சொல்லும்படி நிரல் எழுதியிருந்தாள். எங்கள் குடும்பத்தில் ஒன்பது பேர். நான்கு விநாடி போதும்.

[மூன்றாம் பகுதி நீக்கப்பட்டது.]

4

அந்தப் புதன்கிழமை ஆறு நிமிடமும் குமரப்பன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"என்னண்ணே, எங்க வீட்டை டக்குன்னு காட்டுச்சு. உங்க வீட்டுக்கு மட்டும் மெஷின் இவ்வளவு யோசிக்குது?"

"கீழே சாப்பாட்டுக் கடை. பிரிட்ஜ் ஓடினா இங்க கரெண்டு இறங்கிடும்."

"எனக்கென்னமோ உங்க குடும்பம் ரொம்பப் பெருசோன்னு தோணுது." சிரித்தார். "ரிலேக்ஸ் லா, சும்மா சொன்னேன். ஆனா எங்க வீட்டு ஆச்சிக்கு, பையனைப் பெத்தவங்களுக்கு, இப்படி ஏதாச்சும்னா மனசுக்குள்ள ஓடிக்கிட்டே இருக்கும். சனிக்கிழமை அவங்களையும் கூட்டிட்டு வரேன். தாளை அவங்க முன்னாடியே எடுத்துக் குடுங்க."

[அடுத்து நான் சொன்ன சொல்லை இரண்டு வரைவுகளில் விட்டுவிட்டேன். இந்த வரைவில் இருக்கட்டும்.]

"என் மருமக அரைகுறையா எழுதின புரோகிராம். அதுதான் கோளாறு," என்றேன். அலமேலு அங்கில்லை. இல்லாதவள் மேல் பழி போடுவது எளிது.

5

சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு அலமேலு ஒரு நோட்டுப் புத்தகத்தோடு வந்தாள். முதல் வரைவில் அவளைப் பயந்தவளாக எழுதியிருந்தேன். அவள் பயப்படவில்லை, பயம் என்னுடையது. திருத்திவிட்டேன்.

"கரெண்டுன்னா எல்லா வீட்டுக்கும் லேட்டாகணும்ல, மாமா? நம்ம வீட்டுக்கு மட்டும் ஏன்?"

"எனக்கென்ன தெரியும்? எழுதினவ நீ."

"ஆமா, அரைகுறையா எழுதினவ." திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னாள். செய்தி அவளுக்குப் போயிருக்கிறது.

நோட்டைப் புரட்டினாள். "ஒண்ணாந்தேதி நாலு செகண்டு. இருபதாந்தேதி மூணரை நிமிஷம். இந்தப் புதன் ஆறு. கேள்வி ஒண்ணுதான், மெஷினும் ஒண்ணுதான். நான் வந்து ஃபைலைச் சுத்தம் பண்ணிட்டுப் போனா வேகம். வராத நாளெல்லாம் ஏறிக்கிட்டே போகுது." நோட்டை மூடினாள். "யாரோ நம்ம குடும்பத்துல ஆள் சேர்க்கிறாங்க, மாமா."

"ஒன்பது பேர்தான் தெரியுதே."

"தெரியறது ஒன்பது. இந்த மெஷின்ல அழிச்சா அழியாது. பக்கத்துல ஒரு ஸ்டார் போட்டு மறைச்சு வைக்கும். நான் சுத்தம் பண்ற வரைக்கும் உள்ளேயே கிடக்கும். என் புரோகிராம் அதையும் இழுத்துப் போட்டுப் பொருத்திப் பாக்குது. அது என் தப்புதான்." விசைப்பலகையில் கை வைத்தாள். "மறைச்சதைக் காட்டச் சொல்லவா?"

வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அழித்தால் அழிந்தது என்றுதான் அந்த நிமிடம் வரை நினைத்திருந்தேன்.

திரை நிறைந்தது. ஒரே பெயர், வரிக்கு வரி, நட்சத்திரத்தோடு. தெய்வானை. தெய்வானை. தெய்வானை. எழுபத்தாறு முறை.

6

1971இல் என் தங்கை தெய்வானை, ரயில்வேயில் கிளார்க்காக இருந்த ரபேலை மாதா கோயிலில் மணந்துகொண்டாள். அன்று மாலையே பதிவேட்டில் அவள் பெயரை என் கையால் அடித்தேன். கோடு நேராக விழுந்தது. பங்காளிகள் பாராட்டினார்கள். அந்த மரியாதையில்தான் பின்னாளில் செயலாளர் ஆனேன்.

கணினி வந்த பிறகு, தினமும் யாரும் வருவதற்கு முன் சங்கத்தைத் திறப்பேன். குடும்பத்தில் அவள் பெயரைத் தட்டுவேன். பட்டியலில் எனக்கும் தம்பிக்கும் கீழே மூன்றாவதாக அது நிற்பதைப் பார்ப்பேன். அழிப்பேன். ஒரு காலையில் இரண்டு தடவை, மூன்று தடவை. ஏன் என்று கேட்காதீர்கள். காரணம் சொல்வதற்காகத்தான்—

இல்லை. அந்த வாக்கியத்தை முடிக்கப் போவதில்லை.

7

படிக்கட்டில் செருப்புச் சத்தம். குமரப்பன் தம் மனைவியிடம் சொல்லும் குரல்: "பாத்து ஏறு, செங்குத்தா இருக்கு."

அலமேலு என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. அதற்கு இன்றுவரை நன்றியுடையவன்.

"மாமா, ஒரு விசை தட்டினா எழுபத்தாறும் போயிடும். தாள் நாலு செகண்டுல வரும். கோளாறு என் புரோகிராம்லன்னு நானே சொல்லிடறேன். அவங்களுக்கு ஏற்கெனவே தெரிஞ்சதுதானே. இல்லன்னா ஒண்ணோட ஸ்டாரை மட்டும் எடுத்துட்டு மத்ததைத் துடைக்கலாம். அப்பவும் நாலு அஞ்சு செகண்டுதான். ஆனா தாள்ல பத்துப் பேர் இருப்பாங்க."

"நாச்சா..." என்றேன்.

"தெய்வானை அத்தை பேரு தாள்ல வந்தா மாப்பிள்ளை வீட்ல வேணாம்பாங்களான்னு நான் ராத்திரியே நாச்சாகிட்ட கேட்டேன், மாமா."

"உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"நேத்தே பாத்துட்டேன். அவ சொன்னதைச் சொல்லவா?"

"வேண்டாம்," என்றேன். கதவு தட்டப்பட்டது.

8

இரண்டு முடிவுகள் எழுதினேன். முதலாவதில் நான்கு விநாடியில் ஒன்பது பேரோடு தாள் வருகிறது. குமரப்பன், "இப்ப ஓகேலா," என்கிறார். அலமேலு பழியை வாங்கிக்கொண்டு கோப்பி கலக்கப் போகிறாள். சரளமாக வந்தது. அதனாலேயே நம்பிக்கை இல்லாமல் கிழித்தேன். இரண்டாவதில் தாளை ஆச்சி விரலால் ஒவ்வொரு வரியாகப் படித்துக்கொண்டு வருகிறார். விரல் மூன்றாவது வரியில் நிற்கிறது. அதற்கு மேல் எழுத எனக்குக் கை ஓடவில்லை.

எது நடந்தது என்று எங்கள் சமூகத்தில் பலருக்குத் தெரியும். நீங்கள் அவர்களிடம் கேட்டுக்கொள்ளலாம். நான் சொல்ல மாட்டேன். ஆனால் மேலே ஒரு பகுதி நீக்கப்பட்டது என்று எழுதினேன் அல்லவா? நீக்கவில்லை. மறைத்துத்தான் வைத்தேன். அது இதுதான்:

3

தெய்வானை. சாத்தப்பனின் தங்கை. கணவர் ரபேல். இருப்பிடம் பண்டமாரான்.

இன்று காலை இதை மூன்றாவது தடவையாக எழுதுகிறேன். முன் இரண்டையும் அழித்துவிட்டேன். இது அச்சாகி உங்கள் கைக்கு வந்துவிட்டால் என் விரலுக்கு எட்டாது. நட்சத்திரம் போடுவதென்றால் இனி நீங்கள்தான் போட வேண்டும்.