வீட்டைச் சுற்றி அணைத்த பனி

ஐம்பது வருஷம் விறகு பிளந்த கை ஹோலிஸுடையது. அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்து வடகோடியில், அக்டோபருக்குள் ஆள் உயரத்துக்கு மேப்பிள் விறகை அடுக்கினால்தான் அவனுக்குத் தூக்கமே வரும். ஆனால் மனைவி மார்வாவுக்குப் புகை ஆகவில்லை. போன குளிர்காலம் முழுக்க இருமி இருமிப் பாதியாகிவிட்டாள்.

"விறகு வேணுமா, நான் வேணுமா? ஒண்ணைச் சொல்லு கெழவா."

"கேஸ்ல எரியிறதெல்லாம் ஒரு நெருப்பா?"

"அப்ப விறகோடயே குடும்பம் நடத்து."

முனகிக்கொண்டே கேஸ் கணப்புக்குச் சம்மதித்தான். அவள் இல்லாத வீட்டை அவனால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. அதைச் சொல்லத்தான் வாய் வராது.

கணப்பைப் பொருத்த வந்த டுவைட், வெளிச்சுவரில் முழங்கால் உயரத்தில் நீட்டிக்கொண்டிருந்த புகைக்குழாயைத் தட்டிக் காட்டினான். "பெரியவரே, இது அடைச்சா விஷக்காத்து உள்ளயே திரும்பிடும். பனி விழுந்தா முதல்ல இங்க இருக்கிறதை வாரி எடுத்துடுங்க. விஷக்காத்து வந்தா கத்துற இந்த அலாரத்தையும் உள்ள மாட்டிடுங்க."

"நேத்துப் பொறந்தவன், எனக்குப் பனியைப் பத்திச் சொல்றான்" என்று ஹோலிஸ் அலாரத்தை மேஜை இழுப்பறைக்குள் போட்டான். அகம்பாவத்துக்கு வயசு ஏது?

ஜனவரியில் பனி கொட்டித் தீர்த்தது. கொட்டிய பனியையே வாரி வீட்டின் அடிச்சுவரோடு அணைத்து வைப்பது அந்த ஊர் வழக்கம். குளிர்காற்று புகாது, தரை சில்லிடாது. அப்பன் செய்தான், பாட்டன் செய்தான். மார்வாவுக்குக் கால் குளிரக் கூடாதே என்று ஹோலிஸ் இந்த முறை இடுப்பு உயரத்துக்கு, நாலு பக்கமும் அணைத்துத் தட்டிக் கெட்டிப்படுத்தினான். கைக்குப் பழகிய வேலை. புத்தியைக் கேட்கவில்லை.

பிறகு கடைக்குப் போய்விட்டு மத்தியானம் திரும்பினான். வீடு கதகதவென்று இருந்தது. மார்வா நாற்காலியில் சாய்ந்திருந்தாள், மடியில் பின்னல் ஊசி. கன்னம் செக்கச்செவேலென்று இருந்தது. அந்த நிறத்தைப் பார்த்து எத்தனை காலம்! அவனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

"இருமல் ஒருவழியா விட்டுடுச்சு போல?"

அவள் கண் திறக்கவில்லை. கணப்பின் கண்ணாடியில் கரி படிந்திருந்தது. அவன் நெற்றிப்பொட்டும் வலியில் தெறித்தது. அப்போதுதான் குழாய் ஞாபகம் வந்தது. அதையும் சேர்த்துத்தான் பனியால் மூடியிருந்தான்; அவள் கன்னத்துச் சிவப்பு விஷக்காற்றின் சிவப்பு.

விறகு சுமந்த தோளில் அவளைத் தூக்கிக்கொண்டு கதவை உதைத்து வெளியே ஓடினான். தான் அணைத்த பனியின் மேலேயே கிடத்தி, கன்னத்தைத் தட்டினான்.

"இருமு மார்வா... ஒரே ஒரு தடவை இருமுடி!"