பொட்டில்லாத நத்தை

1

பக்கத்தில் வாருங்கள், கண்ணுகளா. இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். விரல்நகம் அளவு நத்தை ஒன்றின் கதை சொல்கிறேன். இது என் சொந்தச் சரக்கில்லை. பசிபிக் கடலில் உள்ள ஹுவாஹினேத் தீவில் என் பக்கத்து வீட்டுக்காரி மோயாத்தா, கறிப்பலா சுட்டபடியே சொன்னது. "எழுதிக்கோ, ஆனா என்னைக் குண்டுன்னு எழுதாதே" என்றாள். [எழுதவில்லை.]

2

ஒரு காலத்தில் அந்தத் தீவின் ஒவ்வோர் இலைக்கடியிலும்…

வேண்டாம். இப்படித் தொடங்கினால் எனக்கு அழுகை வந்துவிடும்.

[சுருக்கமாக: தோட்டத்தை மேய்ந்த பெரிய நத்தையை ஒழிக்க, நத்தை தின்னும் நத்தையைக் கொண்டுவந்தார்கள். அது சாதுவான மரநத்தைகளைத் தின்று தீர்த்தது. வெளிநாட்டுக் கூண்டுகளில் வளர்ந்தவை மட்டும் பிழைத்தன.]

போன வருஷம் அவற்றில் சில ஊர் திரும்பின. ஒவ்வொன்றின் ஓட்டிலும் சிவப்புப் பொட்டு வைத்துப் பள்ளத்தாக்குக் காட்டில் விட்டார்கள். பொட்டில்லாத ஒன்று கண்ணில் பட்டால், அது காட்டிலேயே பிறந்தது என்று பொருள். அப்படி ஒன்றாவது பிறந்திருந்தால்தான் அடுத்த நத்தைக் கூட்டம் இந்தப் பள்ளத்தாக்குக்கு வரும். இல்லையென்றால் வேறு தீவுக்குப் போய்விடும். மோயாத்தாவும் அவள் அண்ணி போயெரவாவும் மாதாமாதம் இலை இலையாகத் தேடினார்கள்.

3

"அடியே, ஓடி வா! பொட்டே இல்லடி!"

"கண்ணாடி போட்டிருக்கியா அண்ணி?"

"உன் மூக்கு மரு இங்கிருந்தே தெரியுது. இது தெரியாதா?"

போயெரவா சேற்றில் நின்று இடுப்பை ஆட்டி ஆடினாள். மோயாத்தா ஆடவில்லை.

ஏனென்றால், அவளுடையது நத்தை ஓடுகளை மாலையாகக் கோத்த குடும்பம். ஊரைவிட்டுப் போகிறவர் கழுத்தில் போடும் மாலையில் ஓர் ஓடு அழுக்காக இருந்தாலும் அவமானம். ஓடு கைக்கு வந்தால் எச்சில் தொட்டுத் துடைத்துவிடுவாள். நத்தை விட்ட அன்று ஒன்றின் பொட்டு காயவில்லை. மனசு தடுப்பதற்குள் அவள் கட்டைவிரல் அதைத் தேய்த்து அழித்துவிட்டது.

4

முதலில் எழுதிய முடிவு: அடுத்த இலையில் அரிசி அளவு ஒரு குட்டி… அடித்துவிட்டேன். எனக்குக் குட்டி சுலபமாகக் கிடைக்கும். காட்டில் கிடைக்க வேண்டுமே!

இரண்டாவது: மோயாத்தா வாயே திறக்கவில்லை. இதையும் எழுதிப் பார்த்தேன். அவள் அந்தத் தாளில் நிற்க மறுத்துவிட்டாள்.

நடந்தது இதுதான்.

"அண்ணி, ஒண்ணு சொல்றேன். அடிக்காதே." சொல்லிவிட்டாள்.

"ஒரு வருஷமா வாயில என்னடி வெச்சிருந்தே?"

"பயம்."

"எத்தனை துடைச்சே?"

"ஒண்ணே ஒண்ணு. சத்தியமா."

"அதுவா இது?"

"மூஞ்சியைப் பாத்துச் சொல்ல இது என்ன என் அண்ணியா?"

போயெரவா வேரில் உட்கார்ந்து சிரித்தாள், கண்ணையும் துடைத்துக்கொண்டாள். பிறகு நோட்டைத் திறந்து, 'காட்டில் பிறந்தவை' என்ற கட்டத்தின் மேல் பென்சிலை வைத்தாள், எழுதவில்லை. நத்தை கொம்பை நீட்டி ஈர இலையில் நகர்ந்தது. மோயாத்தா இரு கைகளையும் முதுகுக்குப் பின்னால் இறுக்கிக் கட்டிக்கொண்டாள்.

அந்தக் கட்டத்தில் ஒன்று என்று எழுதுவதா, கேள்விக்குறி போடுவதா? எனக்கு அந்த நத்தையின் மேலும் ஆசை, அந்த இருவர் மேலும் ஆசை. என் கை நேராக எழுதாது. பென்சிலை நீங்கள் வாங்கிக்கொள்ளுங்கள்.

உங்கள் வீட்டில் எப்போது எண்ணினாலும் தலை ஒன்றும் குறையாதிருக்கட்டும், கண்ணுகளா, கூடினால் கூடட்டும்.