எதிர்வீட்டுக்கு ஒரு லட்சம் கூடுதல்

வீட்டை விற்றுவிடலாம் என்று முதலில் முடிவெடுத்தவை என் முழங்கால்கள்தான். சிகாகோ பஸ்களை ஓட்டி ஓட்டித் தேய்ந்தவை, மாடிப்படியைக் கண்டாலே மக்கர் செய்தன. என் மனைவி ஆர்டீலியா கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து, வீடுகளுக்குத் தானாகவே விலை சொல்லும் ஒரு இணையதளத்தில் எங்கள் முகவரியைத் தட்டினாள். வந்த தொகையைப் பார்த்துச் சிரித்தாள்.

“யோவ் ரூஃபஸ், அட்ரஸ் தப்பா அடிச்சிட்டேன் போல. நாய்க்கூண்டு விலையைக் காட்டுது.”

மறுபடி அடித்தாள். அதே விலை. சும்மா இருக்காமல் எதிர்வீட்டு முகவரியையும் போட்டாள். சிரிப்பு நின்றது. அந்த வீட்டுக்கு ஒரு லட்சம் டாலர் கூடுதல்.

எதிர்வீடு ஸ்டான் வோய்ச்சிக் என்பவருடையது. இரண்டு வீட்டையும் ஒரே ஆள்தான், ஒரே வருஷத்தில், ஒரே மாதிரி கட்டினார். நடுவில் ஒரு தெரு, அவ்வளவுதான். இந்தப் பக்கம் எங்களைப் போன்ற கறுப்பர்கள். அந்தப் பக்கம் பெரும்பாலும் வெள்ளைக்காரர்கள்.

“மழை பேஞ்சா அந்தாளு பேஸ்மென்ட்ல வாத்து நீந்தும்! நான் போன வருஷம்தான் கிச்சனையே புதுசாக்கினேன்!” என்று கத்தியவள், செருப்பை மாட்டிக்கொண்டு தெருவைக் கடந்தாள். நானும் பின்னாலேயே நொண்டினேன். தெருவோரப் பனியை அள்ளி, தன் காருக்கென்று நாற்காலி போட்டு ஸ்டான் பிடித்து வைத்திருந்த இடத்தில் இவள் காரை நிறுத்திய நாளிலிருந்து இருவருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது.

கதவைத் திறந்ததுமே ஸ்டான், “நாற்காலி விஷயம்னா, தப்பு உங்க பேர்லதான்” என்றார்.

“நாற்காலி கிடக்கட்டும். இதைப் பாருங்க” என்று அந்தத் தளத்தைப் போனில் திறந்து நீட்டினாள்.

கண்ணாடியை ஏற்றி இறக்கிப் பார்த்தார். “என் வீடா? இந்த விலைக்கா? நானே வாங்க மாட்டேனே!” பிறகு குரல் தணிந்தது. “ஏம்மா, நீங்க புகார் பண்ணா என் விலையைக் குறைச்சிடுவானோ?”

“உங்களோடதைக் குறைக்கச் சொல்லலய்யா. என்னோடதை ஏத்தத்தான் சொல்றேன்.”

காதைச் சொறிந்துகொண்டார். “அது நியாயம்தான்.”

எங்கள் பக்கத்தில் பல பேருக்கு இதே மனக்குறை. வீட்டுரிமைச் சங்கம் ஒன்று நூலகத்தில் கூட்டம் போட்டது. அந்தத் தளத்தின் கம்பெனி சார்பில் கெஸ்லர் என்ற இளைஞன் வந்திருந்தான். ஸ்டானும் வந்து எங்கள் பக்கத்தில் உட்கார்ந்தார்.

“எங்க கணக்குல நிறமே கிடையாது. கம்ப்யூட்டருக்கு உங்க முகமே தெரியாது. சுத்துவட்டாரத்துல முன்னாடி என்ன விலைக்கு வித்திருக்கு, அதைத்தான் பார்க்குது” என்றான் கெஸ்லர்.

ஆர்டீலியா எழுந்தாள். “தம்பி, கறுப்பங்க தெருன்னு எங்கப்பா காலத்துல பேங்க்ல கடனே குடுக்கல. அதனால வீடுங்க அடிமாட்டு விலைக்குப் போச்சு. அந்த விலையை வெச்சுத்தானே இன்னிக்கும் எனக்குப் போடறே? முகம் எதுக்கு உனக்கு? முகவரியே போதுமே!”

கூடம் கைதட்டியது. தட்டல் ஓய்வதற்குள் ஸ்டான் எழுந்துவிட்டார்.

“அந்த ஒரு லட்சம் கூடுதல் வீட்டுக்காரன் நான்தான். வந்து என் பேஸ்மென்ட்டைப் பாருங்க. ரப்பர் பூட்ஸ் போட்டுட்டு வாங்க.”

கெஸ்லர் உண்மையாகவே வந்தான், சாதாரண ஷூவில். முந்தின நாள் நல்ல மழை. ஸ்டான் வீட்டுப் பேஸ்மென்ட்டிலிருந்து கணுக்கால்வரை நனைந்து ஏறி வந்தவனை, ஆர்டீலியா எங்கள் கிச்சனில் உட்காரவைத்துச் சுட்ட விலா இறைச்சியும் சோள ரொட்டியும் பரிமாறினாள். இரண்டாவது தட்டு காலியாகும்போது மெல்லச் சொன்னான்:

“நிஜமா சொல்றேன் மேடம், நானா இருந்தா இந்த வீட்டைத்தான் வாங்குவேன்.”

“அதையே எழுதிக் குடேன்.”

காதுவரை சிவந்து இன்னொரு ரொட்டியை எடுத்தான்.

எழுதித் தரவில்லை. தங்கள் கணக்கில் பாகுபாடு இல்லை, ஆனாலும் மறுபடி சரிபார்க்கிறோம் என்று கம்பெனி பதில் அனுப்பியது. தளத்தில் எங்கள் விலை கொஞ்சம் ஏறியது, கொஞ்சமே கொஞ்சம். தெருக்காரர்கள் சேர்ந்து அரசிடம் கொடுத்த புகார் இன்னும் விசாரணையில்தான் இருக்கிறது. சர்ச்சுக்குப் போடும் தொப்பியோடு ஆர்டீலியா ஒரு விசாரணையையும் தவறவிடுவதில்லை.

வீடு மட்டும் விற்றுவிட்டது. நூலகக் கூட்டத்தில் ஆர்டீலியாவின் கிச்சன் பெருமையைக் கேட்டிருந்த நர்ஸ் இமானி பிளெட்ஸோ, “அந்தக் கிச்சனைப் பாக்கணுமே” என்று வந்து நின்றாள். நேரில் வந்து அளந்து பார்த்த மதிப்பீட்டாளர் சொன்ன விலை ஸ்டான் வீட்டுக்குப் போட்டிருந்த விலையை ஏறக்குறையத் தொட்டது. இமானி பேரமே பேசவில்லை. கையெழுத்தான அன்று ஆர்டீலியா குளியலறைக்குள் போய்த் தாழிட்டுக்கொண்டாள். அழுகிறாளோ என்று காதை வைத்தேன். பாடிக்கொண்டிருந்தாள்.

மாடிப்படி இல்லாத புது வீட்டுக்குச் சாமான் ஏற்ற ஸ்டானே வந்தார். சோஃபா வாசலில் சிக்கிக்கொண்டது.

“சாய்ச்சுப் பிடிங்கய்யா!” என்றாள் ஆர்டீலியா.

“சாய்ச்சுத்தான் பிடிச்சிருக்கேன்! உங்க வீட்டுக்காரர்தான் அந்தப் பக்கம் இழுக்கறார்!”

நான் இழுக்கவே இல்லை. உட்கார்ந்திருந்தேன், அந்த சோஃபாவின் மறு ஓரத்தில்.